இரண்டு தலையும் ஒரே பக்கம்

லாரல் லிக், கென்டக்கி
பிப்ரவரி 11, 1973

அண்ணா,

நீ கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதையே தேடுவாய். கூரை ஒழுகவில்லை. கோவேறு கழுதை உயிரோடுதான் இருக்கிறது, உதைக்கத் தெம்பும் இருக்கிறது. நான் இளைக்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள் இளைத்தால் ஊர் என்ன சொல்லும்?

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சனிக்கிழமை மத்தியானம் டல்சிமர் வாத்தியம் செய்து வாசிக்கிறவர்கள் கூடுகிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இப்போது நல்ல கூட்டம். பிழைப்புக்காகச் செய்கிறவர்கள் யாரும் இல்லை. சுரங்கத்தில் இருந்தவர் வருகிறார், தபால் பிரிக்கிறவள் வருகிறாள், பல் டாக்டர்கூட ஒருவர் வருகிறார். அவரவர் கொட்டகையில் கிடைத்த மரத்தில் செய்ததை மடியில் கிடத்திக்கொண்டு, இடது கையில் குச்சியால் கம்பியை அழுத்தி, வலது கையில் வான்கோழி இறகால் மீட்டி, ஒரே பாட்டை ஆளுக்கொரு வேகத்தில் வாசிக்கிறோம். கேட்கச் சகிக்காது. ஆனாலும் வாரம் முழுக்க எல்லோருக்கும் அதே நினைப்புதான்.

பள்ளி பஸ் ஓட்டும் லான்ஸோ பெக்லியும் ஒன்று செய்து எடுத்து வந்தார். மனைவி தவறியபின் பொழுது போகாமல் செய்தாராம். டல்சிமரின் முகத்தில் இதய வடிவில் ஓட்டை வெட்டுவோமே, அவர் வெட்டியது டர்னிப் கிழங்கு போல் இருந்தது. “இது என்னங்க, இதயமா டர்னிப்பா?” என்று கேட்டேன். “எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இதயம் இப்படித்தாங்க, மேல கொஞ்சம் சப்பை” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். எனக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு இரட்டை டல்சிமர் வேண்டும். ஒரே பெட்டி, மேலே கம்பி கட்டிய இரண்டு விரல்பலகை, இருவர் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு மடியிலும் ஏந்தி வாசிப்பார்களே, அதுதான். உன் இடது கை செய்கிற வேலை இங்கே யார் வலது கைக்கும் வராது. சாலை அகலப்படுத்தியபோது வெட்டின வால்நட் மரத்தின் பலகைகள் கொட்டகைப் பரணில் நன்றாகக் காய்ந்து கிடக்கின்றன. சித்தப்பா மகன் வெர்லின் லாரியோடு ஒஹையோ வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உன்னிடம் சொல்லவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நல்ல விஷயம்தான், பயப்படாதே.

ரில்டா


டேட்டன், ஒஹையோ
மார்ச் 4, 1973

ரில்டா,

பலகைகள் வந்து சேர்ந்தன. அவற்றின் மேல் உருளைக்கிழங்கு மூட்டையை ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறான் வெர்லின். அவனைத் திட்டவேண்டிய அளவுக்குத் திட்டிவிட்டேன். மரம் அருமை. இழைப்புளியை வைத்தால் கடுங்காப்பி நிறத்தில் சுருள் சுருளாக வருகிறது. இப்படி ஒரு பலகையைத் தொட்டு வெகுகாலமாயிற்று.

பக்கப் பட்டைகளை வளைக்க ஊறப்போட வேண்டும். நான் குடியிருக்கும் விடுதியில் அவ்வளவு நீளத்துக்குக் குளியல் தொட்டி ஒன்றுதான் உண்டு. வெந்நீர் விட்டுப் பட்டைகளைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். விடுதிக்காரி மிஸஸ் ஷ்ராடர் கதவைத் திறந்தாள், கத்தினாள்.

“ஹோபர்ட்! தண்ணி ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்கு? எதையாவது கொன்னு போட்டீங்களா?”

“இல்லம்மா, டல்சிமர் ஊறுது.”

“ஊறினப்புறம் எப்படிச் சாப்பிடுவீங்க, உப்பு போட்டா?”

அப்புறம் அவளே முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு வந்து, சூடான குழாயில் பட்டையை வளைக்கும்போது மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். நல்ல மனுஷி.

நீ எழுத வரவில்லை என்றாயே, அதை எழுதவே வேண்டாம். எனக்குப் புரிந்துவிட்டது. உன் வீட்டுக்காரன் ஆர்லி சுரங்கத்தில் செத்துப்போனதிலிருந்து அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாய். ஜூலை முதல் வாரத்தோடு எனக்குத் தொழிற்சாலை வேலை முடிந்து ஓய்வு. “அண்ணா, வந்துவிடு” என்று கேட்க உனக்கு வாய் வராது, பிடிவாதக்காரி. அதற்குப் பதிலாக இருவர் வாசிக்கும் டல்சிமரைக் கேட்டிருக்கிறாய். ஜூலையில் அறையைக் காலி செய்வதாக மிஸஸ் ஷ்ராடரிடம் சொல்லிவிட்டேன்.

நம் பக்கத்தில் இதைக் காதலர் டல்சிமர் என்பார்கள். பெண்ணும் பையனும் ஒரு அறையில், பெற்றவர்கள் அடுத்த அறையில். இரண்டு பக்கமும் கம்பி ஒலிக்கிறவரை நான்கு கையும் வேலையாக இருக்கிறது என்று அப்பன் நிம்மதியாகப் பைபிள் படிப்பான். ஒரு பக்கம் நின்றுபோனால் இருமுவான். அண்ணனும் தங்கையும் வாசித்தால் யாரும் இருமப்போவதில்லை, நாம் நிம்மதியாக வாசிக்கலாம்.

ஹோபர்ட்


லாரல் லிக்
மார்ச் 18, 1973

அண்ணா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். சோள ரொட்டி கருகிவிட்டது.

அறையை விட அவசரப்படாதே. ஜூலை என்ன, நாளைக்கா வருகிறது? இங்கே இந்த வருஷம் ஈரம் அதிகம், உன் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளாது. உனக்கு அங்கே பழகியவர்கள் இருக்கிறார்கள், நல்ல தொட்டி இருக்கிறது. நீ வரக்கூடாது என்று சொல்வதாக நினைக்காதே. இது உனக்கும் வீடுதான், என்றைக்கும். நான் சொல்லவந்தது வேறு.

இங்கே செய்தி அதிகமில்லை. சாய்ந்திருந்த வெளிக் கதவை லான்ஸோ பெக்லி வந்து நிமிர்த்திக் கொடுத்தார். போன வாரம் மலையிலிருந்து ஒரு கோணிப்பை காட்டுப்பூண்டு பிடுங்கிவந்தார். முட்டையோடு வதக்கிச் சாப்பிட்டோம். அந்த வாடை உனக்குத் தெரியுமே. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கமும் யாரும் வரவில்லை, பஸ்ஸில் அவர் பின்னாலும் யாரும் உட்காரவில்லை. “ரெண்டு பேர் மேலயும் ஒரே வாடை அடிக்குதே, எப்படி?” என்று சமையல்கட்டில் ஒரே கேலி.

அந்த விஷயம் என்னவென்றால், அண்ணா. கொஞ்சம் இரு, கோழிக்கூண்டில் ஏதோ சத்தம்.

நரி இல்லை, பக்கத்து வீட்டு நாய்தான். கடிதத்தை இப்படியே மடித்து உறையில் போட்டுவிடுகிறேன். மறுபடி உட்கார்ந்தால் அனுப்பவே மாட்டேன்.

ரில்டா


டேட்டன்
ஏப்ரல் 10, 1973

ரில்டா,

என் முழங்கால் லாரல் லிக்கின் ஈரத்தில்தான் வளர்ந்தது. அதைச் சொல்லி என்னைப் பயமுறுத்தாதே.

வெளிக் கதவை நிமிர்த்தப் பஸ் டிரைவர் எதற்கு? ஜூலைவரை அது சாய்ந்தே நின்றிருந்தால் என்ன குடிமுழுகிப்போகும்? மோர் கொடுத்து அனுப்பிவை. காட்டுப்பூண்டுக்கு நன்றி சொன்னதாகச் சொல்லிவிடு, ஆனால் அதோடு போதும்.

பெட்டி முடிந்துவிட்டது. ஈஸ்டருக்கு வெர்லின் ஊருக்கு வருகிறான், இந்தத் தடவை கிழங்கு மூட்டை ஏற்றினால் அவனோடு பேசுவதில்லை என்று சொல்லியிருக்கிறேன். முதுகுப் பலகையை ஒரே பலகையிலிருந்து பிளந்து புத்தகம் விரித்ததுபோல் சேர்த்திருக்கிறேன். விரல்பலகையில் மெட்டுக் கம்பித் துண்டுகளைப் பழைய வழக்கப்படி பாட்டுக் கம்பிக்கு அடியில் மட்டும் அடித்திருக்கிறேன், சுருதிக் கம்பிகளுக்குக் கீழே வெறும் மரம். ஒட்டு முழுக்க வச்சிரப் பசை, ஒரு ஆணி கிடையாது. இதயங்கள் இதயமாகவே வந்திருக்கின்றன, உன் பஸ்காரரிடம் காட்டு.

உன் பக்கம் வழக்கப்படி இருக்கும். எதிர்ப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். பிரித்துப் பார்த்ததுமே அங்கே யார் உட்காரப்போகிறார்கள் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

சொன்னால் சிரிப்பாய், தொழிற்சாலையில் விசில் அடித்துக்கொண்டு வேலை செய்கிறேனாம். கூட இருப்பவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. சந்தோஷமாக இருக்கிறேன், ரில்டா. எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

ஹோபர்ட்


லாரல் லிக்
ஏப்ரல் 29, 1973

அண்ணா,

இந்தக் கடிதத்தை முடிக்காமல் எழுந்திருக்கமாட்டேன். நரியே வந்தாலும் சரி.

ஈஸ்டர் மறுநாள் வெர்லின் பெட்டியை இறக்கினான். லான்ஸோவும் நானும் சேர்ந்து சுற்றியிருந்ததைப் பிரித்தோம். இவ்வளவு அழகான பொருள் இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. எண்ணெய் தேய்த்த வாடை இன்னும் போகவில்லை. நான் கையை வைத்துத் தடவிக்கொண்டே நின்றேன். லான்ஸோதான் முதலில் பார்த்தார்.

“என்ன ரில்டா, ரெண்டு தலையும் ஒரே பக்கம் இருக்கு?”

வலக்கைக்காரர்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் முறுக்காணி வைத்த தலை அவரவர் இடப்பக்கம் வரவேண்டும். அப்படியென்றால் ஒரு தலை இந்தக் கோடியிலும் மற்றது அந்தக் கோடியிலும்தான் இருக்கும். இதில் இரண்டும் அக்கம்பக்கமாக ஒரே கோடியில். “ஒரே தொட்டியில தண்ணி குடிக்கிற ரெண்டு குதிரையாட்டம் நிக்குதே” என்று சிரித்துக்கொண்டே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் ஏந்திப் பார்த்தார். எந்தக் கை எங்கே போகும் என்று தடவிக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“உங்கண்ணன் எந்தக் கையால மீட்டுவாரு?”

“இடது கையாலதான்.”

“அப்ப இது எனக்குச் செஞ்சதில்ல. அவருக்கே செஞ்சிருக்காரு. இங்க வந்து உன் எதிர்ல உக்காரப்போறதா நெனச்சிருக்காரு. நீ இன்னும் சொல்லலயா?”

“எழுதினேனே.”

“என்ன எழுதின?”

“காட்டுப்பூண்டு பத்தி எழுதினேன்.”

அவர் திட்டவில்லை. டல்சிமரை மெதுவாக என் மடிப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு, “பாவம், அந்த மனுஷன்” என்றார். அண்ணா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ விசில் அடித்ததும், அறையை விட்டதும், எல்லாம். உட்கார்ந்து அழுதேன்.

நானும் லான்ஸோவும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். இதோ எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்குத்தான் பிப்ரவரியிலிருந்து முக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டியவளுக்குக் கல்யாணமா என்று நீ நினைப்பாயோ, ஆர்லியை மறந்துவிட்டேன் என்று நினைப்பாயோ, உன்னைத் தள்ளிவிட்டேன் என்று நினைப்பாயோ என்று பயம். அவர் வீடு மலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸை அங்கேதான் நிறுத்தவேண்டும், அதனால் நான் அங்கே போகிறேன். இந்த வீடு உனக்கு. நீ வா. தாராளமாக வா.

ஜூனில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கென்று இருக்கிறது நீ ஒருவன். உன் வாயால் சரி என்று வராமல் நான் தேதி குறிக்கமாட்டேன்.

ரில்டா


டேட்டன்
மே 7, 1973

ரில்டா,

கடிதம் கிடைத்தது.

நீ சின்னப் பெண் இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு எதற்கு உட்காரவேண்டும்? பிப்ரவரியில் ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்த ஆளுக்குத் தகுந்தபடியே செய்து அனுப்பியிருப்பேன். இத்தனை நாள் மிஸஸ் ஷ்ராடரிலிருந்து லாரி ஓட்டுகிறவன் வரைக்கும் ஊருக்குப் போகிறேன், தங்கையோடு இருக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வீடு எனக்கு வேண்டாம். நான் வீட்டுக்கு வர நினைக்கவில்லை, உன்னிடம் வர நினைத்தேன். நீ இல்லாத வீட்டில் யாரோடு பேசுவேன், கோவேறு கழுதையோடா?

பெட்டியைத் திருப்பி அனுப்பாதே. அடுப்பில் வை. வால்நட் நன்றாக எரியும்.

ஹோபர்ட்


லாரல் லிக்
மே 21, 1973

அண்ணா,

அடுப்பில் வைக்கவில்லை. நீ அதை எழுதியபோது பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. கிழிந்த வரியை நான் நம்புவதாக இல்லை.

சொல்லாமல் விட்டது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோவேறு கழுதையோடு பேசுவதைப் பற்றி நீ எனக்குச் சொல்லாதே. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடுத்த வருஷம் வந்துவிடுவேன் என்று எழுதினாய். ஆர்லி செத்த வருஷமும் அதையே எழுதினாய். தொழிற்சாலை வேலை அப்படி, நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கழுதையோடு இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பவள் நான். “இன்னிக்கு மழை வருமா?” என்று கேட்பேன். அது காதை ஆட்டும். லான்ஸோவிடம் கேட்டால் “வரும், துணிய எடு” என்கிறார். உனக்கு இது அற்பமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

இப்போது டல்சிமர் விஷயம். நீ கோபத்தில் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டவில்லை. ஆனால் “திருப்பி அனுப்பி மாத்தித் தரச் சொல்லட்டுமா? இல்ல, பல் டாக்டர் கை சுத்தமா வேலை செய்வாரே, அவர்கிட்டக் குடுக்கலாமா?” என்று கேட்டேன்.

“யாரும் தொடவேண்டாம்” என்றார். “அந்த மனுஷன் தங்கச்சிய நெனச்சு நெனச்சுச் செஞ்சது இது. அவரா மனசு வந்து தொடறவரைக்கும் இதுமேல ஒருத்தன் கத்தி படக்கூடாது. எனக்கும் ரெண்டு கை இருக்குல்ல? அடுத்ததைப் பழக்கினா ஆச்சு.”

பழக்குகிறார், அண்ணா. பிள்ளைகளை இறக்கிவிட்டபின் பஸ்ஸை ஓரங்கட்டி, பெட்டியைப் பஸ்ஸுக்குள் தூக்கிக்கொண்டுபோய், வலது கையில் குச்சியும் இடது கையில் இறகுமாக உட்கார்ந்துவிடுகிறார். நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சத்தத்தைக் கேட்டால் யாரோ கொட்டகைக் கதவைக் கழற்றுகிறார்கள் என்றுதான் நினைப்பாய்.

போன சனிக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுபோனோம். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். அப்புறம் நாங்கள் வாசிக்க உட்கார்ந்தோம். இறகு அவர் கையை விட்டுப் பறந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுத்துவந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். “என்ன லான்ஸோ, கைய யார்கிட்ட இரவல் வாங்கிட்டு வந்தே?” என்றார் பல் டாக்டர். கூடமே சிரித்தது. லான்ஸோவின் காது இரண்டும் சிவந்துபோயின. நிறுத்தவில்லை. நான் என் பக்கத்தில் அவருக்காக நின்று நின்று வாசித்தேன். பாட்டு முடிகிறவரை வாசித்தார். முடித்ததும் என்னைப் பார்த்து, “உங்கண்ணன் இருந்தா அழகா வாசிச்சிருப்பாரு” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏன் இப்படிச் சிரமப்படுகிறீர்கள் என்று கேட்டேன். “அவர் வரும்போது அவர் செஞ்ச பொருள் அவர் செஞ்சபடியே இருக்கணும். கல்யாணத்துக்கு வந்து அறுத்துப்போட்ட பெட்டியப் பாத்தா மனுஷனுக்கு எப்படி இருக்கும்?” என்றார். நீ வருவாய் என்று அவர் முடிவே செய்துவிட்டார். உன்னைப் பார்த்ததுகூட இல்லை.

ஜூன் வரப்போகிறது. நான் தேதி வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். பிடிவாதக்காரி என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ரில்டா


டேட்டன்
ஜூன் 3, 1973

ரில்டா,

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்தேன். உன் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நான் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போன வருஷம். நீ பிறக்கவே இல்லை. அங்கே இருந்த டீச்சர் ஒரு மாவுப்பையைக் கிழித்து, என் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டு, வலது கையில் பலப்பத்தைக் கொடுத்தாள். “இந்தக் கைதான் கை. அது சும்மா கூட வந்தது” என்றாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பலப்பம் விழுந்தது, எடுத்தேன், மறுபடி விழுந்தது. வகுப்பே சிரித்தது. வசந்தம் வரும்வரை அந்தக் கட்டோடுதான் இருந்தேன். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் அப்பாவும் அவள் பக்கம்தான் பேசியிருப்பார்.

அப்புறமும் அப்படித்தான். தொழிற்சாலையில் எல்லா இயந்திரத்துக்கும் பிடி வலது பக்கம். சாப்பாட்டு மேஜையில் முழங்கை இடிக்கிறது என்று எப்போதும் என்னை ஓரத்துக்கு அனுப்புவார்கள். நான் டல்சிமர் செய்ய ஆரம்பித்ததைச் சங்கீத ஆசை என்று நீங்களெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். உலகத்தில் ஒரு பொருளாவது என் கைக்குத் தோதாக இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆசை பிறகு வந்தது.

ஆகையால், ஒப்பாத கையை வைத்துக்கொண்டு, கைநழுவி விழுந்ததை எடுத்து எடுத்து, நாலு பேர் சிரிக்க ஒருவன் கடைசிவரைக்கும் ஒரு வேலையைச் செய்வது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். உன் கடிதத்தில் அந்த இடத்தை நான் பலமுறை படித்தேன். என்னைக் கட்டிப்போட்டுச் செய்யவைத்தார்கள். அந்த மனுஷனை யாரும் கட்டிப்போடவில்லை. முகம் தெரியாத ஒருவன் மனசு நோகக்கூடாது என்று அவராகவே செய்திருக்கிறார். நான் எல்லோருக்கும் வளைந்து கொடுத்திருக்கிறேன், ரில்டா. எனக்காக ஒருவர் கையை மாற்றிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

லான்ஸோவிடம் சொல், இறகைக் கீழே வைக்கட்டும். யாரும் யாருக்காகவும் தன் கையை மாற்றிக்கொள்ள வேண்டாம், இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஜூலையில் வேலை முடிந்ததும் வெர்லின் லாரியில் வருகிறேன். ஒட்டியிருப்பது வச்சிரப் பசைதானே, கத்தியைச் சூடுகாட்டி உள்ளே விட்டால் விரல்பலகை அலுங்காமல் கழன்று வரும். முனை மாற்றிப் போட்டு, தலையை அறுத்து அந்தக் கோடியில் பொருத்திவிடுவேன். ஒட்டின இடம் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். பெரிதாக ஒன்றுமில்லை.

வீட்டுக்கும் வருகிறேன். அறையை வேறு ஆளுக்குப் பேசிவிட்டாள் மிஸஸ் ஷ்ராடர், இனி வராமல் எங்கே போக? நீ இல்லாமல் அந்த வீட்டில் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், மறைக்கமாட்டேன். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் என்றால் சனிக்கிழமை மத்தியானத்துக்கு நடந்தே வந்துவிடலாம். பல் டாக்டரிடம் எனக்குக் கொஞ்சம் பேசவேண்டியதும் இருக்கிறது.

கல்யாணத்தை ஜூலை பதினைந்து ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள். எனக்குச் சம்மதம். பக்கத்து வீடுகளில் சொல்லிவை, அடுக்குக் கேக்குக்கு ஆளுக்கொரு அடுக்கு சுட்டுக் கொண்டுவரட்டும், காய்ந்த ஆப்பிளை வேகவைத்து மசித்து நடுவில் தாராளமாகப் பூசச் சொல்.

நேற்று உன் கடிதத்தை மறுபடி படித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். துணிக்கூடையோடு வந்த மிஸஸ் ஷ்ராடர் என் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

“என்னங்க ஹோபர்ட், ஊர்ல யாராவது போயிட்டாங்களா?”

“யாரும் போகலம்மா” என்றேன். “என் தங்கச்சிக்குக் கல்யாணம்.”

வாயைத் திறந்து அதை நான் சொன்னது அப்போதுதான். சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ரில்டா. கேட்டதும் அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், இடது கையை.

உன் அண்ணன்,
ஹோபர்ட்